மேல்விலங்கு

மட்டக்குளியில் பஸ் திரும்பும் இடத்திலிருந்து
கடற்பக்கமாக ஒரு கட்டை தூரம்.
வெயில் ஏறுவதற்குள் போய்விடலாம் என்றாள் மர்ஜானா.
போக முடியவில்லை.
உள்ளூராருக்கு இருநூறு, வெளிநாட்டாருக்கு மூவாயிரம்.
கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவன்
என் பொட்டையும் அவள் முக்காட்டையும் பார்த்து
கொஞ்சம் யோசித்துவிட்டு
இரண்டு இருநூறு கிழித்தான்.

லாமெர்ஸ் வளவு.
முருகைக்கல் சுவர், நாலடி அகலம்.
உப்பு உள்ளேயிருந்து பூத்துப் பூத்துச்
சுண்ணாம்பை வெளியே தள்ளுகிறது.
துரை படுத்த கட்டில், துரை கை கழுவிய பீங்கான்,
கப்பல் எண்ணத் துரை வைத்திருந்த பித்தளைத் தூரநோக்கி.
ஒற்றைக் கண்ணை வைத்தேன்:
துறைமுகத்துப் பாரந்தூக்கி ஒன்று
ஒட்டகச்சிவிங்கிபோல் கழுத்தை நீட்டிக்
கொள்கலன் மேய்ந்துகொண்டிருந்தது.

வழிகாட்டிப் பையன் திலிண
சிங்களத்தில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை சொன்னான்.
மூன்றாம் முறைக்கு
எங்களைப் பார்த்துச் சிரித்தான்.

கந்தோர் அறையில் கூலிப் பதிவேடு.
எண்ணெய் ஆலையும் தும்புக் கிடங்கும் ஓடிய காலம்.
துரையின் கணக்கன் ஆங்கில எழுத்தில்
காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறான்:
மூட்டூ. காறாப்பன். சின்னட்டாம்பீ.
வீறாமா, கைக்குழந்தையோடு, அரைக்கூலி.

இருபத்தாறு வருசமாக அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறேன்,
கல்யாணக் கார்ட், கண்ணீர் அஞ்சலி, கட்சித் துண்டுப்பிரசுரம்.
கண் சும்மா இராது.
கண்ணாடிப் பெட்டிக்கு மேலாலேயே திருத்தத் தொடங்கிற்று:
முத்து. கருப்பன். சின்னத்தம்பி.
வீரம்மா வரை வந்து நின்றது.
அரைக்கூலியை என்ன செய்வது?
அது எழுத்துப் பிழை இல்லை.

"உன்ட பேர எப்பிடிப் போடுவாங்க?" என்றாள் மர்ஜானா.
மின்சாரப் பட்டியலில் நான் நானேஸ்வரி.
ஞானம் போய்விட்டது; ஆனாலும்
நானே என்பதில் பிழை பிடிக்க ஏலாது.

பின்வாசலால் இறங்கினால் கண்டல்.
சேற்றுக்குள்ளிருந்து ஆயிரம் வேர்
மூச்சுக்கு மூக்கை நீட்டி நிற்கின்றன.
தென்னந்தோப்பாக இருந்த நிலமாம்.
ஆலை மூடியபின்
ஆறு பாதி, கடல் பாதி எடுத்துக்கொண்டன.
களனி கங்கை கொண்டுவந்த யோகட் கோப்பை, ஒற்றைச் செருப்பு,
இரண்டுக்கும் நடுவே ஒரு நண்டு
தன் பெரிய கையை ஆட்டி ஆட்டி
யாரையோ கூப்பிட்டது.

அங்கேதான் அந்த அறிவித்தல். மூன்று மொழி.
மூன்றாவது வரியில், தமிழில்:
இங்கே பறக்காதீர்.

அதன்மேல் ஒரு நீர்க்காகம்
இரண்டு சிறகையும் விரித்துக் காயப்போட்டபடி,
பணிந்து இருக்கிறதா
மீறப் போகிறதா தெரியவில்லை.
மர்ஜானா சிரித்த சிரிப்பில்
பலகைப் பாதை ஆடியது.

கைப்பையில் சிவப்புப் பேனை இருந்தது.
பறிக்காதீர் ஆக்க ஒரேயொரு குறி,
றகரத்தின் தலையில் ஒரு வளைவு போதும்.
கீழ்வகுப்பில் அதற்குச் சொல்லித் தந்த பேர்
மேல்விலங்கு.
சற்று முன்னர்
முத்துவைச் சரிப்படுத்தக்
கீழ்விலங்கு இரண்டு போட்டிருந்தேன்.

"பிழையா, மிஸ்?"
திலிணவுக்குத் தமிழ் இருந்தது.
சொன்னேன்.
கிட்டப்போய் நகத்தால் தடவினான்; காகம் அசையவில்லை.
"போன வருசம் இருந்தது, மிஸ். நான்தான் பெயின்ட் அடிச்சது.
உப்புக் காத்து சாப்பிட்டது."
உண்மைதான். அந்த எழுத்தின் மேல்
ஒரு வெளிறிய தழும்பு.

பேனையின் மூடி திறந்துதான் இருந்தது.
மத்தியானச் சூட்டில் மை காய்ந்துவிடும் என்று
மர்ஜானா வாங்கி மூடினாள்.
நீர்க்காகத்துக்குச் சிறகு காயும்வரை
மூன்றுபேரும் அப்படியே நின்றோம்.
பிறகு அது
கப்பல்கள் நிற்கும் பக்கமாகப் போனது.