இருபத்தைந்து டாலர்

வங்கி அனுப்பிய கடிதம் ஒன்றரை வரி.
வருந்துகிறோம் என்றிருந்தது,
யார் வருந்தியது என்றில்லை.
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் பதினோரு வருடம்
பிறர் படுத்தெழுந்த விரிப்புகளை மடித்தவளுக்கு
மாடியொன்று கீழொன்று என இரு குடித்தனம்
விரலுக்கு மிஞ்சிய வீக்கமாம்.

காஸிமிர் ப்ரூஸக் அதை இருமுறை படித்தார்.
"வீட்டை விற்பவன் நான்.
கடனையும் நானே கொடுத்துவிட்டால் போகிறது."
ஈரி நகரத்தில் அன்று பனி
மேலிருந்து விழவில்லை,
ஏரியிலிருந்து படுக்கைவாட்டில் வந்தது.

எழுபத்தெட்டாயிரம். கையில் எட்டு.
மீதிக்கு ஆறரை வட்டி.
மாதம் ஐந்நூற்று இருபத்திரண்டு, ஐந்தாம் தேதிக்குள்.
ஏழாம் வருட முடிவில்
எஞ்சியதெல்லாம் ஒரே தொகையாய்.
தவறினால் வீடு அவருக்கே திரும்பும் என்ற வரியை
வக்கீல் அம்மாள் விரலால் தட்டிக் காட்டினாள்.
முதல் பேனா எழுதவில்லை.
இரண்டாவது எழுதியது.

பிஸ்கட் டப்பா நிறையச் சாவிகள் தந்தார்.
இரண்டுதான் பொருந்தின.
மற்றவை எந்தக் கதவுக்கு என்றேன்.
தெரியாது, விலையில் சேர்த்தி என்றார்.

ஜனவரியில் கீழ்வீட்டுக் குழாய் வெடித்தது.
குடிவர யாரும் இல்லாத வீட்டில்
வெள்ளம் மட்டும் குடியேறியது.
குழாய்க்காரனுக்கு அறுநூற்று நாற்பது.
முழங்காலிட்டுத் துடைத்துக்கொண்டிருக்கையில்
தலைக்கு மேலே லவெல் பெட்டிஸ்
நடந்தார், நின்றார், திரும்ப நடந்தார்.
அந்த மாத வாடகை மட்டும்
படியிறங்கி வரவில்லை.

ஒன்பதாம் தேதி காஸிமிர் வீட்டுக்குப் போனேன்.
கடன் வாங்கிய ஐந்நூற்று இருபத்திரண்டோடு.
அவர் சுவர் நாட்காட்டியைப் பார்த்தார்.
பிறகு என்னை.
"இருபத்தைந்து கூட ஆகும்."
ஹெலன் எப்போதும்போல் காபி ஊற்றினாள்,
எப்போதும்போல் அதே கோப்பையில்.
ரசீதில் அவர் இருபத்தைந்தைத் தனி வரியாக எழுதினார்,
பென்சிலைக் கூர்சீவிவிட்டு.

காருக்கு வரும்வரை கொதித்தேன்.
கண்ணாடியில் உறைந்ததைச் சுரண்டும்போது
கை தானாக மெதுவாயிற்று.
வங்கி என்னிடம் ஒரு காசு அபராதம் கேட்டதில்லை.
அடுத்த மாதமும் வருவாள் என்று எண்ணாதவளிடம்
யார் கேட்பார்?

இரவு லவெலுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.
வருந்துகிறேன் என்று தொடங்கியது கை.
கிழித்தேன்.
லவெல், அறுநூற்றுப் பத்து.
இன்று பன்னிரண்டு.
இருபத்தைந்து சேர்த்துத் தரவும்.
வெந்நீர் இனி வரும்.

கதவடியில் தள்ளக் குனிந்தபோது
கதவு திறந்தது.
காலுறை ஒன்று நீலம், ஒன்று சாம்பல்.
கையில் அறுநூற்றுப் பத்துக்கான மணியார்டர்.
கடிதத்தை நின்றபடியே படித்தார்.
"இருபத்தைந்தா?"
"ஆமாம்."
தொண்டை வறண்டது, ஆனாலும்
ஆமாம் என்றே சொன்னேன்.

உள்ளே போய் ஊறுகாய் ஜாடி கொண்டுவந்தார்.
கால் டாலர் காசுகள்.
நூறு எண்ண வேண்டும்.
மாடிப்படியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம்,
அவர் எண்ண, நான் பத்துப் பத்தாக அடுக்க.

எண்பத்தேழாவது
ஏரிக்கு அக்கரைக் காசு.
மானின் தலை, கனடா.
இங்கே எந்தக் கடையிலும் முகம் சுளிப்பார்கள்,
காஸிமிர் நிச்சயம் தள்ளிவைப்பார்.
லவெல் ஜாடிக்குள் பார்த்தார்.
வேறு பதின்மூன்றுதான் இருந்தது.

எண்பத்தேழு என்றேன்.
எண்பத்தெட்டு என்றார் அவர்.