ஒன்று – பூஜ்யம் – ஒன்று

கோத்தகிரிக்கு வந்திறங்கிய அன்று
ஆஸ்பத்திரி பலகையில் எங்கள் பெயர்களை
அம்புக்குறியிட்டுக் கோத்திருந்தார்கள்.
டாக்டருக்குப் படிக்கும் நான்
நர்சிங் படிக்கும் மெர்லினுக்கு நிழல்.
மெர்லின் லேபில் ஷிஜினாவுக்கு,
ஷிஜினா மருந்தகத்துத் தயாளசீலனுக்கு,
அவன் எனக்கு.
அடுத்த வாரம் அம்பு திரும்பும்.

நிழலின் அருமை வெயிலில் தெரியுமாம்.
ஆடி மாதம்.
எதிர் வார்டைக் காணவில்லை, மூடுபனி.
ஒருவருக்கும் நிழல் விழாத ஊரில்
ஒருத்திக்கு நிழலாக நடந்தேன்.

முதல் இரவு ஏதோ கேட்டேன்.
"நிழல் பேசாது டாக்டர்" என்றாள் மெர்லின்,
சலைன் பாட்டிலை ஸ்வெட்டருக்குள் விட்டு
வயிற்றோடு அணைத்தபடி.
"சில்லுன்னு ஏறினா ஏழாம் பெட்டு நடுங்கும்."

பகலில் நான்தான் எழுதியிருந்தேன்,
இரண்டு மணிக்கொரு தரம் பிரஷர் பார்க்கவும் என்று.
எழுத நாலு நொடி.
அந்த வரிக்குக் கால் உண்டென்று
எந்தப் பாடத்திலும் இல்லை.
பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு
என்று அது நடந்தது
மெர்லினின் ரப்பர் செருப்பில்,
ஈரம் காயாத தரையில்,
தூங்குகிறவரின் கையைக்
கைமாற்று வாங்குவதுபோல் எடுத்து,
வாங்கியது தெரியாமல் திருப்பி வைத்து.

ஆறு மணிக்கும் நடந்தது.
நான் நாற்காலியில் தூங்கிவிட்டேன்.

மருந்தகச் சன்னலின் உள்ளேயிருந்து பார்த்தால்
ஆட்கள் முகமாக வருவதில்லை.
முதலில் ஒரு கை, கையில் ஒரு சீட்டு.
செவ்வாய்க்கிழமை வந்த சீட்டில்
கோழி கிளறிய என் கையெழுத்து.
சர்க்கரை மாத்திரை. 1 – 0 – 1. சாப்பாட்டுக்கு முன்.

சிவனம்மா. கீழ்க்கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட்.
தயாளன் உறையில் பாதிச் சூரியன் வரைந்தான்,
பக்கத்தில் பிறை.
"சூரியனைப் பாத்தே பத்து நாளாச்சு தம்பி."
சிரித்தோம். அவளும்.
பிறகு அவன் கேட்டான்,
நான் கேட்டிருக்க வேண்டியதை:
"காலையில எத்தன மணிக்குச் சாப்புடுவீங்க?"

ஆறுக்கு மாத்திரை, ஒரு வாய் பிளேன்டீ.
சோறு பதினொன்றுக்கு, கொழுந்து நிறுத்த பிறகு.
இடையில் இரண்டு தடவை
தேயிலைக்குள் விழுந்து கிடந்திருக்கிறாள்.
"அட்டை கடிச்சுத்தான் முழிப்பு வந்துச்சு."

ஷிஜினாவிடம் ஓடினேன்.
"அவங்க வெறும் வயித்து ரத்தம்
மதியம் ஒரு மணிக்குத்தான் வரும், பஸ் அப்படி.
ரிப்போர்ட்ல நேரம் போட்டிருக்கேனே, பாக்கலையா?"
பார்க்கவில்லை.
முந்தானை முடிச்சில் வெல்லம் இருப்பது
மெர்லினுக்குத் தெரிந்திருந்தது.
"யாரும் கேக்கலையே" என்றாள்,
குற்றம் சொல்லும் குரலில்கூட இல்லை.

அந்த மூன்று எண்களை
எத்தனை சீட்டில் எழுதியிருப்பேன்.
நடுவிலிருப்பதை
வெறும் வட்டம் என்றிருந்தேன்.
அதற்குள் ஒருத்தி
முதுகில் கூடை கனக்கக் கனக்க
பறித்துக்கொண்டிருந்தாள்.

நால்வரும் போய் நின்றதைப் பார்த்துப்
பெரிய டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார்.
"ஒரு மாத்திரைக்கு நாலு பேரா?"
கேட்டுவிட்டு மாற்றி எழுதினார்.

தயாளன் புது உறை எடுத்தான்.
சூரியனை விட்டுவிட்டு
ஒரு தராசு வரைந்தான், நண்டு மாதிரி.
நிறுத்ததும் இது, உடனே சோறு
என்று இரண்டு முறை சொன்னான்.
சிவனம்மா உறையை
வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள்.

"கணக்கப்பிள்ளை தராசுதான இது?
எப்பவும் ஒரு கிலோ கொறைக்கும்.
நம்பி முழுங்கலாமா?"

பதில் யோசிப்பதற்குள்
சன்னலில் அடுத்த கை.