அடுப்பருகே நாற்காலி

நொய்கோல்னில் எங்கள் ஸ்டூடியோ
முன்பு குடை தைத்த இடம்.
சுவர் முழுக்கக் கொக்கிகள்.
எங்கள் கோட்டுகள் அவற்றில் தொங்கியதே இல்லை,
உள்ளேயும் போட்டுக்கொண்டுதான் வரைந்தோம்.

ஐந்து பேர். ஓர் அடுப்பு.
நாளைக்கு ஏழு கரிக்கட்டி.
மாடலின் நாற்காலி மட்டும் அடுப்பருகே.
அதனால் ஜனவரி பிறந்ததும்
எல்லோருக்கும் திடீரென்று
அசையாமல் உட்காரும் ஆசை வந்துவிட்டது.

சீட்டுக் குலுக்கினோம்.
டோர்தே ஏமாற்றுவாள்.
ஹெய்க்கோ உட்கார்ந்ததும் தூங்கிவிடுவான்,
அவன் திறந்த வாய் மட்டும்
என்னிடம் பதினாறு படம் இருக்கிறது.
மெர்யெம் அப்பாவின் கடையிலிருந்து
அடிபட்ட ஆப்பிள்கள் கொண்டுவருவாள்.
முதலில் வரைய வேண்டும், பிறகுதான் தின்னலாம் என்பது சட்டம்.
ஓர் ஆப்பிளும் முழுதாக
ஓவியம் போய்ச் சேரவில்லை.

என் சீட்டு விழும் நாட்களில்
ஹோட்டல் சலவையறையில் இரவு வேலை முடிந்து
சோப்பில் வெடித்த கைகளோடு வந்து உட்கார்வேன்.
டோர்தே தேனில் தொடங்கிச் செங்கல்லில் முடிப்பாள்.
ஹெய்க்கோவுக்கு நான் நேராகப் பச்சை.
மெர்யெம் முகத்தை விட்டுவிட்டுக்
கைகளை மட்டும், வெடிப்பு வெடிப்பாக.
யானோஷ் பதினொரு டியூப் பிதுக்கிக்
கடைசியில் சேறாக்கிவிட்டு
மன்னிப்புக் கேட்பான்.
என்னிடமில்லை, பெயிண்டிடம்.
நான் சிரிக்கக் கூடாது.

ஓய்வு நேரத்தில் எழுந்துபோய்ப் பார்ப்பேன்.
ஊரில் என் நிறத்துக்கு
மாநிறம் என்று ஒரே சொல்,
அதை மறைக்க ஒரு பவுடர் டப்பா.
இங்கே காதுக்குப் பின்னால் ஊதா,
முழங்கையில் துரு,
கழுத்தடியில், எப்படித்தான் கண்டார்களோ, எலுமிச்சை.
நான் படித்தது அவ்வளவுதான்.
கலைக்கல்லூரி இரண்டு முறை
வேண்டாம் என்று கடிதம் போட்டது.
இரண்டின் பின்பக்கத்திலும் வரைந்தேன்,
நல்ல தாள்.

கட்டடம் விற்றுப்போன வாரம்
அடுப்பு அணைந்திருந்தது.
நாற்காலியை யாரும் கேட்கவில்லை.
யானோஷ் கரிக்காசு பாக்கி வைத்துவிட்டு
வியாழக்கிழமையே போய்விட்டான்.
என்னை வரைந்தவற்றில் ஒன்றை
எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள்.
புரட்டிப் புரட்டிப் பார்த்தேன்.
யானோஷ் விட்டுப்போன பலகையை எடுத்துக்கொண்டேன்,
காய்ந்த சேற்றோடு.

டிராமில்லாத அந்தத் தெருவில்
நின்று, கோட்டுக் கையை மடக்கி
அதன்மேல் முன்கையை வைத்தேன்.
எங்கே பலகை முடிகிறது, எங்கே நான்,
சட்டென்று தெரியவில்லை.

கொஞ்சம் நீலம் கூடுதல்.
குளிரில் எனக்கும்தான்.