இரவு ஷிப்ட், கோத்தகிரி

எடைமேடை அறையில் மணி இரண்டு.
வெளியே மஞ்சு
லாரி, கொழுந்து மூட்டை, நாய் எல்லாவற்றையும்
ஒரே நிறத்தில் பட்டியலிட்டிருந்தது.
டெர்மினலும் அப்படித்தான்.

ஒற்றை வரி சேர்த்தேன்.
கோப்புறைகள் நீலமாயின:
கருப்பில் நீலம், குந்தா அணையில் ராத்திரி மீன்.
முப்பத்து நான்கை அழித்து
முப்பத்தாறு போட்டேன். தெளிந்தது.
ஓடும் ஸ்கிரிப்ட் பச்சை,
அறுந்த இணைப்பு சிவப்பு.

"பாருங்க, இனிமே கண்ணாலேயே பிரிச்சிடலாம்."

டிரையர் கருகுவதை
மூன்று அறை தள்ளி மூக்கால் பிடிக்கிற போஜண்ணன்
குனிந்து வெகுநேரம் பார்த்தார்.
"ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு?"

எட்டு வருஷம்.
கொழுந்தைப் பச்சை என்று
அவர் சொல்லி ஒருமுறைகூட நான் கேட்டதில்லை.

ஃபைலை மறுபடி திறந்தேன்.
சிவப்புக்கு முன்னால் ஒரு நாலு, ஒரு அரைப்புள்ளி:
அறுந்தவற்றின் கீழெல்லாம்
கோடு விழுந்தது.
"ம்," என்றார். "இது."