பிரைட்னஸ் ஐம்பத்து மூன்று

சல்வாவில் அந்த வீட்டுத் திவானியாவுக்குள்
நானும் தில்பகதூரும் ஏணியோடு நுழைந்தபோது
வெளியே நாற்பத்தெட்டு டிகிரி.
உள்ளே காலுறை வழியே ஏறியது பளிங்கின் குளிர்.

நூற்றிருபது அங்குலத் திரைக்குப்
பன்னிரண்டடி தள்ளி மாட்ட வேண்டும்.
பன்னிரண்டாவது அடியில், மிகச் சரியாக,
தொங்கிக்கொண்டிருந்தது சரவிளக்கு.
"அதைத் தொடாதே" என்றார் அபூ மிஷாரி,
"மாமியார் வீட்டுச் சீர்."
அவர் சிரிக்கவில்லை.
அதனால் நாங்களும்.

இரண்டு சாண் இடப்பக்கம் நகர்ந்து
டிரில்லை வைத்தேன்.
மூன்றாவது ஓட்டையில் கம்பி தட்டியது.
தில்பகதூர் வாக்குவம் குழாயை ஏந்திப் பிடித்தும்
என் புருவமெல்லாம் சிமெண்ட்.

முதல் வெளிச்சத்தில் எல்லாம் தலைகீழ்.
கம்பெனிப் பெயர் வௌவால் மாதிரி தொங்கியது.
மெனுவில் சீலிங் என்று ஒரு வரி உண்டு,
அழுத்தினால் உலகம் நிமிர்ந்துவிடும்.
ஆனால் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி
பாய் விரித்த மாதிரிக் கோணல்.

"கீஸ்டோன் பொத்தான் இருக்கிறதே" என்கிறார்.
இருக்கிறது.
கோணலை நேராகக் காட்டும்,
அதற்குக் கூலியாய்க் கொஞ்சம் புள்ளிகளைத் தின்னும்.
நான் அதைத் தொடுவதில்லை.
மூடிக்குள் ஒரு சின்னச் சக்கரம்,
நகத்தால் நகர்த்த நகர்த்த
லென்ஸ் மட்டும் தலை திருப்பும்.
முக்கால் மணி நேரம் ஏணியில்.
கழுத்துக்குத்தான் கூலி தனியாகக் கேட்க வேண்டும்.

பிறகு பென் டிரைவ்.
ஆறு வருடமாக அதே ஒன்றரை நிமிடம்.
வேலையை விட்டுப் போன சூப்பர்வைசர் தந்தது.
என்ன படம், எந்த மொழி, தெரியாது.
சத்தம் கிடையாது.
இரவு, மழை, பேருந்து நிறுத்தம்,
சிவப்புப் பெட்டியோடு ஒரு பெண்.
பேருந்து வருவதற்குள் முடிந்துவிடும்.

எல்லோரும் அவளைப் பார்ப்பார்கள்.
நான் பார்ப்பது அவளுக்குப் பின்னால், தூண் ஓரம்.

ஐம்பதில் அங்கே இருட்டு.
ஐம்பத்தொன்றில் மழை நூல் நூலாகப் பிரியும்.
ஐம்பத்திரண்டில் தூணுக்கு விளிம்பு வரும்.
ஐம்பத்து மூன்றில்
ஒரு காது, ஒரு தோள்,
கையில் ஏதோ மடித்து வைத்தது.
ஐம்பத்து நான்கில் இன்னும் தெளிவாக வருவான்,
ஆனால் இரவு முழுக்கச் சாம்பல் பூத்துவிடும்.

வீட்டுக்கு வீடு எண் மாறும்.
ஃபிந்தாஸில் நாற்பத்தொன்பதிலேயே வந்து நின்றான்.
மங்கஃபில் ஒரு வெள்ளைச் சுவர் வீட்டில்
அறுபது வரை போயும் வரவில்லை,
அன்று பில்லில் கையெழுத்து வாங்கவே
எனக்கு மனமில்லை.

இங்கே ஐம்பத்து மூன்று. நிறுத்தினேன்.
அபூ மிஷாரி ரிமோட்டை வாங்கினார்,
கால்பந்து வைத்தார், விவிட் மோடு வைத்தார்.
புல் கத்தியது. பச்சை சுவரில் வழிந்தது.
"இதுதான் படம்!" என்று என் முதுகில் தட்டினார்.
அவர் வீடு, அவர் புல்.
விருந்தாளிகள் வரும் நேரம், போய்விட்டார்.

திரைச்சீலை ஓரத்தில் கிளாஸ் அடுக்கிக்கொண்டிருந்த
கடப்பாக்கார ஓபுலேசு
மெதுவாக ஹிந்தியில் கேட்டான்:
"தூணுக்குப் பின்னால் நின்றானே ஒருத்தன்,
அவன் எங்கே?"

ஆறு வருடத்தில்
யாரும் கேட்டதில்லை.
எண்ணை எடுத்து யூசர் இரண்டில் சேமித்தேன்.
எந்தப் பொத்தான் என்று காட்டினேன்.
பென் டிரைவையும் அங்கேயே மறந்து வைத்தேன்,
இன்னொரு காப்பி கடையில் இருக்கிறது.

வாசலில் செருப்பு அடுப்பாய்ச் சுட்டது.
வேனில் ஏசி பிடிக்கும்வரை
ஜன்னலைத் திறந்தபடி ஓட்டினேன்.
ஃபஹாஹீல் சாலையில் தில்பகதூர் சொன்னான்:
"அவன் கையில் இருப்பது குடை."
"துண்டு" என்றேன்.
"குடைதான்."
"கொட்டுகிற மழையில் குடையை
விரிக்காமல் எவனாவது நிற்பானா?"

சிக்னல் விழுந்தது.
அவன் யோசித்துக்கொண்டே இருந்தான்.