ரிப்போர்ட்டில் ஒண்டுமில்லை

மூன்று ஈசிஜி இருக்கிறது என்னிடம்.
போட்டோக்கொப்பிக் கடை வைத்திருப்பதால்
மூன்றுக்கும் இரண்டிரண்டு பிரதி.
மூன்றிலும் அதே கோடு,
சின்னப்பிள்ளை மலை கீறப் பழகினதுபோல.
ஒண்டுமில்லை என்றார் டொக்டர்.
ஒண்டுமில்லை என்றார் தாதி பிறேமலோஜினி,
நெஞ்சில் ஒட்டினதை உரித்தபடி.
பசை மட்டும் இரண்டு நாள் போகவில்லை.

அந்த ஒண்டுமில்லாதது
இரவு ஒன்றரைக்கு வரும்.
முதலில் இடது தோளில் ஓர் ஊசி.
பிறகு விரல் நுனிகள் விறைக்கும்.
தொண்டைக்குள் யாரோ
புளியங்கொட்டை ஒன்றை வைத்துவிட்டுப் போவார்கள்.
மூச்சு படலை வரைக்கும் வந்து
உள்ளே வராமல் நிற்கும்.
மணிக்கட்டைப் பிடித்து எண்ணுவேன்.
எண்ண எண்ணக் கூடும்.
கூடக் கூட எண்ணுவேன்.

மாங்குளம் ஆஸ்பத்திரிக்கு இனிப் போகேலாது,
வாசல் காவலாளிக்கும் என் பெயர் பாடம்.
"கிளிநொச்சிக்கு விடு தம்பி" என்றேன்.
சேட்டுப் பொத்தானை மாற்றிப் பூட்டியபடி வந்து
ஆட்டோவைக் கிளப்பினான் கமலரூபன்.

கொக்காவில் கோபுரத்தின் சிவப்பு விளக்கு
எரிந்து அணைந்து எரிந்து
என் நாடியை எனக்கே காட்டிக்கொண்டு வந்தது.
இல்லை, என்னுடையதைவிட அது மெதுவு.
இரண்டு பக்கமும் காடு.
யானை மறித்தால் என்ன செய்வேன்?
யானையும் மறிக்காமல்
இப்படியே போய்க்கொண்டிருந்தால்
என்ன செய்வேன்?

முறிகண்டியில் நிறுத்தினான்.
நெஞ்சைப் பிடித்தபடி ஒருத்தி பின்னால் இருக்க
நிறுத்தினான்.
"என்னடா!" என்று கத்தினேன்.
"பழக்கம் அக்கா."
இறங்கி, செருப்பைக் கழற்றி, கும்பிட்டு,
கொழும்பு பஸ்ஸுக்காக விழித்திருந்த கடையில்
கச்சான் ஒரு சரை வாங்கி வந்து
மடியில் போட்டான். சுடச்சுட.
யாரோ பிள்ளையின் கணித வினாத்தாளில் சுற்றின சரை.
ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு.
என் மெசின் இழுக்கிற கோடு.

கோபத்தில் ஒன்றை உடைத்தேன்.
கோபம் ஆறாமல் இன்னொன்று.
ஏழாவதோ எட்டாவதோ உடைக்கையில்தான்
உறைத்தது:
விறைத்த விரல் எப்படிக் கச்சான் உடைக்கும்?
அடைத்த தொண்டை
எதை இவ்வளவு நேரம் விழுங்குகிறது?

அதற்காக அது போய்விடவில்லை.
பக்கத்து சீற்றில்தான் இருந்தது,
கச்சான் வேண்டாமென்று.

கண்ணாடிக்குள்ளால் பார்த்துச் சொன்னான்:
"எனக்கும் வாறதுதான்.
ஹயர் இல்லாமல் சும்மா நிக்கேக்க.
சாகப்போறன் எண்டு நினைச்சு
லீசிங் புத்தகம் இருக்கிற இடத்தை
மனிசிக்குச் சொல்லி வைச்சிருக்கிறன்."
"பிறகு?"
"பிறகென்ன, ஹயர் வந்திட்டுது."
சிரித்தேன்.
நெஞ்சில் அதே இடத்தில்தான் நொந்தது
சிரிப்பும்.

"கிளிநொச்சிக்கோ, திருப்பவோ?"
கச்சான் முடியட்டும் என்றேன்.

போன கிழமையும் வந்தது,
ஒரு கலியாண வீட்டில்.
வெடி கொளுத்தினார்கள்.
எங்கள் வயதுக்காரர் எல்லாரும்
ஒரு கணம் குனிந்து
பிறகு சாறியைச் சரிசெய்வதுபோல நிமிர்ந்தோம்.
மணிக்கட்டைப் பிடிக்கவில்லை நான்.
கைப்பையின் அடியைத் துழாவி
ஒரு கோதை எடுத்து
உள்ளங்கைக்குள் வைத்திருந்தேன்,
நொறுங்குகிற சத்தம் கேட்க முன்
எவ்வளவு அழுத்தலாமென்று
பார்த்தபடி.