இன்னொரு சித்தூர்

உக்கடத்தில் பலகை சரியாகத்தான் சொன்னது.
அதன்கீழ் சுழித்திருந்த மலையாளத்தை
ஏதோ பூவேலை என்று விட்டுவிட்டேன்.
ராத்திரி முழுக்க ஓடவேண்டிய தூரத்துக்கு
ஐம்பத்திரண்டு ரூபாய்தானா என்று கேட்காமல்
மீதிச் சில்லறையை எண்ணி முடிந்துகொண்டேன்.

"எறங்குங்கம்மா, சித்தூர்."
ஒன்பதே கால்.
அதற்குள் ஆந்திரமா?
தூக்கம் கலையுமுன் வாய் முந்திக்கொண்டது,
பல் விளக்கும்போதெல்லாம் பத்து நாள்
மனப்பாடம் செய்த தெலுங்கு:
"அண்ணா, நீள்ளு காவாலி."

பெட்டிக்கடை ஆறுச்சாமி
சோடா பாட்டிலோடு அப்படியே நின்றார்.
"வேலாத்தா, இங்க வா. ஏதோ வடக்கத்திப் புள்ள.
ஊட்ல கோவிச்சுட்டு வந்துருச்சாட்ட இருக்குது."
"மொகத்தப் பாருங்க, ஒண்ணும் சாப்பிடல.
போலீசுக்கெல்லாம் சொல்லாதீங்க, பயந்துக்கும்."
அச்சு அசல் எங்கள் ஊர்த் தமிழ்.

அப்போதே சொல்லியிருக்கலாம்.
என் எதிரில் என்னைப் பற்றி
யாரும் இவ்வளவு நல்லவிதமாகப் பேசியதில்லை.
ஒரு பன், இரண்டு பூவன்பழம் தீரும்வரை
தெலுங்குக்காரியாகவே இருந்தேன்.

போன் அடித்தது. ஆஸ்பத்திரி மேட்ரன்.
காலை எட்டு மணிக்கு டியூட்டி, ஞாபகம் இருக்கிறதா?
"சித்தூர் வந்துட்டனுங்க மேடம்" என்றேன்.
பொய்யில்லை.

வேலாத்தா சிரிக்கத் தொடங்கியவள்
மிட்டாய் ஜாடியைப் பிடித்துக்கொண்டாள்.
ஆறுச்சாமி சிரிக்கவில்லை.
"நீள்ளுன்னா என்ன?"
"தண்ணி."
"அடக் கடவுளே, அதயா கேட்டே."

முழுச் சொம்பும் குடிக்கவிட்டு
அப்புறம்தான் சொன்னார்,
கோயமுத்தூருக்குக் கடைசி பஸ்
போய்க் கால்மணி நேரம் ஆகிறதென்று.